தாய்வழிச் சீதனம்

சென்ற ஜூலை மாதத்தில் நம் பள்ளியில் தாத்தா பாட்டியர் விழாவைக் கொண்டாடினோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்திய உலகத் தாத்தா பாட்டியர், முதியோர் தினத்தையொட்டி நடந்த விழா அது. வந்திருந்த பெரியவர்களில் வயதில் மூத்தவர் எங்கள் ஆச்சி, அம்மாவைப் பெற்றவர். வயது 91. ஊன்றுகோல் இல்லாமலே மேடை ஏறினார். அருட்சகோதரி போர்த்திய சால்வையைத் தாமே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கீழே அமர்ந்திருந்த பெற்றோர் சிலர் வியந்து பேசியது எங்கள் காதில் விழுந்தது. “அது ரத்தத்துலயே வர்றது. அந்த வம்சமே அப்படி. மகளும் நூறு வயசு இருப்பா, பேத்தியும் இருப்பா” என்றார் ஒருவர்.

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி எழுந்தது. நீண்ட ஆயுள் என்பது உண்மையிலேயே தாய் தந்த சீதனமா? நகையும் பாத்திரமும் போல அது தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேருமா? அப்படியானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லையா? விஞ்ஞான ஆசிரியையின் உதவியோடு இக்கேள்விக்கு விடை தேடினோம். அறிந்துகொண்டவற்றையும், அவற்றைப் பற்றி எங்கள் மனத்தில் பட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஏறத்தாழ எல்லாச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உறுப்புகள் இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். நாம் உண்ணும் சோறும் இழுக்கும் மூச்சும் வந்து சேருமிடம் அதுவே. அங்கேதான் உணவு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, நாம் ஓடவும் படிக்கவும் வேண்டிய சக்தியாக மாறுகிறது. செல்லின் அடுக்களை என்றே அதைச் சொல்லிவிடலாம்.

இந்த அடுக்களைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. டி.என்.ஏ. முழுவதும் செல்லின் உட்கருவிலேயே இருக்கிறது என்று முன்பு எண்ணியிருந்தார்கள். 1963இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்ற இருவர் மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் டி.என்.ஏ. இழைகளைக் கண்டார்கள். 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிரெடரிக் சாங்கரின் ஆய்வுக்கூடத்தார் மனிதனுடைய அந்த டி.என்.ஏ.வை முழுவதும் படித்து முடித்தார்கள். உட்கருவின் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட பெருநூல் என்றால், இது 16,569 எழுத்துகளே கொண்ட சிறு ஏடு. அதில் இருப்பவை 37 மரபணுக்கள் மட்டுமே.

பெருநூலில் பாதி தந்தையுடையது, பாதி தாயுடையது. இந்தச் சிறு ஏடோ தாயிடமிருந்தே வருகிறது. மகனுக்கும் அவளே தருகிறாள், மகளுக்கும் அவளே தருகிறாள். ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. மகள்தான் தருகிறாள். ஆகவேதான் இதைச் சீதனம் என்று சொல்லத் தோன்றியது.

இது எங்கோ தொலைதூரத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். ஏரலிலிருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர் வருகிறது. 1899ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டிப் பார்த்த பழைய இடுகாடு அது. எங்கள் வகுப்பு அங்கே சுற்றுலா சென்றபோது, குழிகளை மூடியுள்ள கண்ணாடியின் வழியே முதுமக்கள் தாழிகளைக் குனிந்து பார்த்தோம். சிவகளை நமக்கு இன்னும் அருகில் உள்ளது. அங்கே ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய தாழிகளில் கிடைக்கும் எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஆராயும் பணியை மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து மேற்கொண்டுள்ளன. பழைய எலும்பில் பெருநூல் சிதைந்து போயிருந்தாலும் சிறு ஏடு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏனெனில் ஒரு செல்லில் பெருநூலுக்கு இரண்டே பிரதிகள். சிறு ஏட்டுக்கோ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பிரதிகள் உண்டு. 2005இல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த டாக்டர் தங்கராஜும் அவர் குழுவினரும் அந்தமான் பழங்குடியினரின் தாய்வழி டி.என்.ஏ.வைப் படித்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்த ஆதி மக்களின் வழியினர் அவர்கள் என்று காட்டினார்கள்.

இவற்றைக் கேட்ட பின் எங்கள் வகுப்பில் ஒரு முயற்சி செய்தோம். ஒவ்வொருவரும் தாளின் அடியில் தம் பெயரை எழுதி, அதற்கு மேல் அம்மா பெயர், அதற்கும் மேல் அம்மாவின் அம்மா பெயர் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். தந்தை வழியில் ஐந்து தலைமுறை சொல்லக்கூடியவர்கள் எங்களில் உண்டு. கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும் வீட்டுப் பத்திரத்திலும் அப்பெயர்கள் இருக்கின்றன. தாய் வழியிலோ பெரும்பாலோர் ஆச்சியின் பெயரோடு நின்றுவிட்டோம். ஆச்சியின் அம்மா பெயர் எங்கள் அம்மாவுக்கே தெரியவில்லை. ஆச்சியைக் கேட்டுத்தான் எழுதினோம். பெயர் மறந்து போன அந்தப் பெண்கள் தந்தது நம் ஒவ்வொரு மூச்சிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவதும் பெண் குழந்தை என்று கேட்டவுடன் “வம்சம் விளங்க ஒரு ஆம்பளப் பிள்ளை இல்லையே” என்று பெருமூச்சு விடுவோர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண் மக்களை மட்டும் பெற்ற தாய் குறைந்தவள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வம்சம் என்பதை ஒரே வழியில் எண்ணிக்கொண்டிருப்பது அரைக் கணக்கு என்றே சொல்கிறோம்.

இனி ஆயுளுக்கு வருவோம். சிறு ஏடு தலைமுறை தலைமுறையாகப் பிரதியெடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. மாறிய எழுத்து அந்தத் தாயின் வழியில் வரும் எல்லோரிடமும் தொடர்கிறது. இம்மாற்றங்களை வைத்து உலக மக்களைத் தாய்வழிப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இட்டிருக்கிறார்கள். இந்தியரில் மிகுதியாகக் காணப்படுவது ‘எம்’ பிரிவு.

இந்த எழுத்து மாற்றத்துக்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு? விறகடுப்பை நினைத்துக்கொள்வோம். விறகு ஒன்றேயானாலும் ஓர் அடுப்பு அதிகம் புகையும், மற்றோர் அடுப்பு குறைவாகப் புகையும். வருடக்கணக்கில் புகை படிந்தால் சுவரும் கூரையும் கறுத்துப் போகும். மைட்டோகாண்டிரியாவில் உணவு எரியும்போதும் புகை போன்ற ஒன்று எழுகிறது. ஆக்சிஜனின் முரட்டு வடிவங்களான அவை செல்லின் பாகங்களைச் சேதப்படுத்தக்கூடியவை. உடல் மூப்படைய இதுவே காரணம் என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கூறினார். அது ஒன்று மட்டுமே காரணமன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆயினும் அடுப்பின் அமைப்பு சற்று மாறினால் வீட்டின் ஆயுளும் மாறலாம் என்ற எண்ணம் பலரை ஆராயத் தூண்டியது.

1998இல் ஜப்பானில் மசாஷி தனாகாவும் அவரது குழுவினரும் நூறு வயது கண்ட 37 பேரைச் சோதித்தார்கள். சிறு ஏட்டின் 5178ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் அவர்களில் 62 விழுக்காட்டினரிடம் இருந்தது. மற்றவர்களிடம் அது 45 விழுக்காடே. ஆயுளின் எழுத்து கிடைத்துவிட்டது என்று யாரும் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியில் தேடினார்கள். அங்கே வேறொரு பிரிவு, ‘ஜே’ என்பது, நூறு வயது கண்டவர்களிடம் மிகுந்திருந்தது. ஆனால் வடக்கு இத்தாலியில் மட்டும், அதுவும் ஆண்களிடம் மட்டும்! தெற்கு இத்தாலியில் அதைக் காண முடியவில்லை. ஒரே நாட்டில் வடக்குக்கு ஒரு நியாயம், தெற்குக்கு ஒரு நியாயமா?

2014இல் வெளியான பெரியதோர் ஐரோப்பிய ஆய்வு இதற்கு ஓரளவு விளக்கம் தந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த 2,200க்கும் மேற்பட்டோரையும், அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மைட்டோகாண்டிரியாவில் சக்தியை உண்டாக்கும் வேலை வரிசையாக ஐந்து கூட்டமைப்புகளில் நடக்கிறது. முதல் கூட்டமைப்பில் மட்டும் எழுத்து மாற்றம் இருந்தால் அது ஆயுளுக்கு நன்மை செய்வது போலத் தோன்றியது. அதே மாற்றம் மூன்றாவது அல்லது ஐந்தாவது கூட்டமைப்பின் மாற்றத்தோடு சேர்ந்து வந்தால் தீமை செய்வது போலத் தெரிந்தது. பாடற்குழுவில் தனித்துப் பாடும்போது இனிமையாக ஒலிக்கும் குரல், வேறொரு குரலோடு சேரும்போது அபசுரமாவதில்லையா? அதுபோலத்தான். ஆகவே நல்ல எழுத்து என்றோ கெட்ட எழுத்து என்றோ தனியாக ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பார்சி சமூகத்தாரில் நீண்ட காலம் வாழ்வோர் பலர் என்பது பலரும் அறிந்ததே. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 100 பார்சியரின் சிறு ஏட்டைப் படித்து 2021இல் வெளியிட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பார்சியர் தீயைப் புனிதமாகப் போற்றுபவர்கள். ஆதலால் புகைபிடிப்பதை அவர்கள் மரபு விலக்கி வைத்திருக்கிறது. தொண்ணூறு வயதுப் பார்சிப் பாட்டியைப் பார்த்து, இது தாய் தந்த எழுத்தால் வந்த ஆயுளா, புகை தொடாத வீட்டால் வந்த ஆயுளா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

பிரித்துச் சொல்ல முயன்றவர்களும் உண்டு. டென்மார்க்கில் 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2,800க்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளின் ஆயுளைக் கணக்கிட்டு 1996இல் வெளியிட்டார்கள். மனிதருக்கு மனிதர் ஆயுள் வேறுபடுவதில் சுமார் கால் பங்குதான் பரம்பரையால் வருவது என்பது அவர்கள் கண்ட முடிவு. வேறு ஆய்வுகள் கூடவும் குறையவும் சொல்கின்றன. பரம்பரை என்பதிலும் தாய் தந்தை இருவருடைய பெருநூலும் அடங்கும். 37 மரபணுக்கள் கொண்ட சிறு ஏட்டின் பங்கு அதிலும் ஒரு சிறு பகுதியே ஆகும்.

எங்களுக்கு இதைக் காட்டிலும் தெளிவாகப் பாடம் சொன்னவர் ஆச்சிதான். “உங்க வம்சமே நூறு வயசு வம்சம்னு சொல்றாங்களே ஆச்சி” என்று கேட்டோம். ஆச்சி சிரிக்கவில்லை. தமக்கு ஒரு தங்கை இருந்ததைச் சொன்னார். “ஏட்டி, ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைக. அவ என்னைவிட பலசாலி. இருபத்திரெண்டு வயசுல தலைப்பிரசவம். ராத்திரி வலி வந்துச்சு. ஆத்துல தண்ணி கரைபொரண்டு ஓடுது. அக்கரைக்குக் கொண்டு போக வழியில்ல. விடியுமுன்ன முடிஞ்சு போச்சு” என்றார். பிறகு, காய்ச்சலில் இறந்த தம் இரு குழந்தைகளையும் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே தாயின் மக்கள் இருவர். இருவருக்கும் அதே சிறு ஏடு. ஒருவர் 91 வயதில் மேடை ஏறுகிறார். மற்றவர் 22 வயதில் மண்ணுக்குள் சென்றுவிட்டார். ஆச்சி தந்த அதே ஏடுதான் அந்த இரு குழந்தைகளிடமும் இருந்தது. நூறு வயது எழுத்து ஒருவேளை இருந்திருந்தாலும், ஆற்றைக் கடக்க வழியில்லாத இரவில் அதனால் என்ன பயன்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. இந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் நம் மைட்டோகாண்டிரியா மாறிவிடவில்லை. மாறியவை வேறு. நல்ல குடிநீர் வந்தது. தடுப்பூசி வந்தது. பெரியம்மை 1980இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதமும் நம் நாட்டில் ஒழிந்துவிட்டதாக 2014இல் சான்று கிடைத்தது. பிள்ளைப்பேறு மருத்துவமனையில் நடக்கலாயிற்று. பெண்கள் படித்தார்கள். ஆனாலும் கடமை முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பாலத்தருகே சாலை துண்டிக்கப்பட்டு நம் ஏரல் தீவாகி நின்றதை யார் மறக்க முடியும்? ஆச்சியின் தங்கைக்கு நேர்ந்தது பழங்கதை என்று அந்த இரவில் எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறு ஏட்டில் ஆண்களை மட்டும் பாதிக்கும் பிழை ஏதேனும் ஏற்பட்டால், ஆண் அதை அடுத்த தலைமுறைக்குத் தராததால் இயற்கையால் அப்பிழையை எளிதில் களைய முடிவதில்லை என்பது ஒரு கருத்து. 2012இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 வகை மைட்டோகாண்டிரியா கொண்ட பழ ஈக்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஆண் ஈக்களின் ஆயுள் வகைக்கு வகை வெகுவாக மாறுபட்டது. பெண் ஈக்களிடம் அவ்வளவு வேறுபாடு இல்லை. இது சிந்திக்கத்தக்க ஆய்வுதான். ஆனால் இக்கருத்துக்கு ‘தாயின் சாபம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நாங்கள் ஏற்கவில்லை. தாய் தன் தாயிடம் பெற்றதைத் தருகிறாள். எந்த எழுத்தையும் அவள் தேர்ந்தெடுப்பதில்லை. பெண் குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை; குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் குரோமோசோமால் தீர்மானமாகிறது என்று எங்கள் பாடப்புத்தகமே சொல்லியும் மறையவில்லை. இந்நிலையில் பிள்ளைக்கு வரும் நோய்க்கும் ‘சாபம்’ என்று தாயின் தலையில் பாரம் ஏற்றுவது எப்படி நியாயமாகும்? விஞ்ஞானம் வைக்கும் பெயரும் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதைப் பெரியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பழியில் மட்டுமா ஆபத்து? புகழிலும் உண்டு. சில மாதங்களாக எங்கள் அம்மாவுக்குத் தலை கிறுகிறுத்து வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், “எங்கம்மா வயசைப் பாரு. ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது” என்பார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை மூன்று மணிக்குச் சாப்பிடுவார்கள். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீடு வீடாக வந்த ஓர் அக்கா, எங்கள் வற்புறுத்தலால் அம்மாவின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. இன்னும் சில மாதங்கள் வம்சத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! இப்போது அம்மா மாத்திரை சாப்பிடுகிறார்கள். உப்பைக் குறைத்திருக்கிறார்கள். முக்கியமாக, எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

தோழியரே, பெற்றோரே! தாய் தந்த சீதனம் உண்மையானது. அதைப் போற்றுவோம். ஆனால் பெட்டியில் பூட்டி வைத்த சீதனம் தானே பெருகாது. அடுப்பு நல்லதாயிருந்தாலும் விறகும் காற்றும் கவனிப்பும் வேண்டும். அளவான உணவு, அன்றாட நடை, ஆண்டுக்கொரு முறை சோதனை, பெண்ணுக்குப் படிப்பு, பிரசவத்துக்குப் பாதுகாப்பு, வெள்ளத்திலும் துண்டிக்கப்படாத பாதை ஆகிய இவை எந்த மரபணுவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாம்தான் செய்ய வேண்டும்.

எனவே இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு மாணவியிடமும் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஆச்சியிடம் உட்கார்ந்து, அவர் அம்மாவின் பெயரையும், அந்த அம்மாவின் அம்மா பெயரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அம்மாவிடம், “கடைசியாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தது எப்போது?” என்று கேளுங்கள். நாள் தெரியாது என்று சொன்னால், கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் ஆச்சி நூறாவது பிறந்த நாளைக் காண வேண்டும். அந்த நாளில் அம்மாவும் நலமாக அருகில் நிற்க வேண்டும். இறைவன் அதற்கு அருள் செய்வாராக!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி